ரிக்டர் ஏன் விளக்கை அணைக்கச் சொன்னார்?

இரண்டாம்வரிசை:

இந்தக் களத்தில் ஹோரோவிட்ஸுக்கும் கிளென் கூல்டுக்கும் நீண்ட இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டருக்கு ஒன்றுமில்லை. எனக்கு இது நெடுநாள் மனக்குறை. இருபதாம் நூற்றாண்டுப் பியானோக் கலைஞர்களில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் தயங்காமல் இவரைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ரிக்டரின் தனிக்கச்சேரிகளில் அரங்கு முழுக்க இருட்டாக இருக்கும். பியானோவின் மேல் இசைக்குறிப்பு விரித்திருக்கும். அந்தத் தாளில் மட்டும் வெளிச்சம் விழும்படி ஒரு சிறிய விளக்கு, பக்கத்தில் தாள் புரட்டுகிறவர். அவ்வளவுதான். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு உலகப் புகழ்பெற்ற அந்தக் கலைஞரின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. வாசிக்கிறவனின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் இசையில் நிற்காது என்பது அவர் சொன்ன காரணம்.

வயதான காலத்துப் பிடிவாதம் என்று சிலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1915 மார்ச் 20 அன்று உக்ரைனின் ழித்தோமிர் நகரில் பிறந்தார். வளர்ந்தது கருங்கடல் துறைமுகமான ஒதேசாவில். தந்தை தியோஃபில் ஜெர்மன் வம்சாவளியினர், வியன்னாவில் இசை பயின்றவர். ஒதேசாவில் லுத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) பாடமும் எடுத்தார். வீட்டிலேயே இப்படி ஒருவர் இருந்தும் பையன் யாரிடமும் முறையாகப் பியானோ படிக்கவில்லை. ஸ்கேல் பயிற்சி என்று உட்கார்ந்ததில்லை. கையில் கிடைத்த ஓபரா (பாட்டு நாடகம்) இசைக்குறிப்பை எடுத்துவைத்து, ஒரு இசைக்குழுவே சேர்ந்து எழுப்ப வேண்டிய ஒலியைப் பத்து விரலில் கொண்டுவரப் பார்ப்பான். பதின்ம வயதிலேயே ஒதேசா ஓபராவில் ஒத்திகைப் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருப்பவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் பாடகர்மேல் இருக்கும், இசைக்குழுவை நடத்துபவர்மேல் இருக்கும். முழு இசைக்குழுவுக்கும் பதிலாகப் பியானோ ஒரு மூலையில் ஒலித்துக்கொண்டிருக்கும். பிற்காலத்து இருட்டுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் கட்சி.

1934-இல் ஒதேசாவில் முதல் தனிக்கச்சேரி. முழுக்க ஷோபான். மூன்று ஆண்டு கழித்து, 22 வயதில், மாஸ்கோவுக்குப் போய் கன்சர்வேட்டரி ஆசிரியர் ஹைன்ரிக் நெய்ஹவுஸ் முன்னால் உட்கார்ந்தார். அந்த வயதில் மற்றவர்கள் படிப்பையே முடித்திருப்பார்கள். வாசித்ததைக் கேட்ட நெய்ஹவுஸ், பக்கத்திலிருந்த மாணவரிடம் இவர் ஒரு மேதை என்று நினைக்கிறேன் என்று காதோடு சொன்னாராம். அரசியல் பாடங்களுக்குப் போக மறுத்ததால் கன்சர்வேட்டரி இவரை இருமுறை வெளியேற்றியது. இரண்டு தடவையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தங்க இடமில்லாத நாட்களில் ஆசிரியர் வீட்டுப் பியானோவுக்கு அடியில் படுத்துத் தூங்கினார். இவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றார் நெய்ஹவுஸ். ரிக்டரோ, இசையில் மௌனத்தின் அருமையையும் பியானோவைப் பாடவைக்கும் வித்தையையும் அவரிடமே கற்றதாகச் சொன்னார்.

1940-இல் இசையமைப்பாளர் செர்கெய் புரோகோஃபியேவ் தம் ஆறாவது சொனாட்டாவை (பியானோவுக்கான பல பகுதிப் படைப்பு) ஒரு வீட்டில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது தாள் புரட்டியவர் ரிக்டர். ஆண்டு முடிவதற்குள் அதை மாஸ்கோ மேடையில் தாமே வாசித்தார். ஏழாவது சொனாட்டாவை நான்கே நாளில் பாடம் செய்து 1943 ஜனவரியில் அரங்கேற்றினார். ஒன்பதாவதை புரோகோஃபியேவ் இவருக்கே காணிக்கையாக்கினார்.

சோவியத் ஒன்றியத்துக்கு வெளியே இவர் பெயர் வதந்தி மாதிரிதான் பரவியது. 1955-இல் அமெரிக்கா போன சோவியத் பியானோக் கலைஞர் எமில் கிலெல்ஸ், தம்மைப் புகழ்ந்தவர்களிடம் ரிக்டரைக் கேட்கும்வரை பொறுங்கள் என்றார். ஐந்து ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது. 1960 அக்டோபரில் சிகாகோவில் பிராம்ஸின் இரண்டாவது பியானோக் கன்செர்ட்டோ (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு), அதைத் தொடர்ந்து நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வரிசையாகத் தனிக்கச்சேரிகள். அமெரிக்கா கொண்டாடியது. அவருக்கோ தம் வாசிப்பில் திருப்தியில்லை.

மற்றவர்கள் எழுதுங்கள். குறிப்பாக அந்த விளக்கைப் பற்றி.


மாலைநடை:

இரண்டாம்வரிசை அவர்களே, நான் இந்த இசைக்குப் புதியவன். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது. ஒரு சந்தேகம் நெடுநாளாக இருக்கிறது. எழுதிவைத்ததை எழுதியபடி வாசிப்பதுதான் வேலை என்றால், ஒருவர் இன்னொருவரைவிட எதில் உயர்கிறார்? மனோதர்மத்துக்கு இடம் எங்கே? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொன்னால் நல்லது.


இசைவகுப்பு:

மாலைநடை, சிறுவர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பது என் தொழில். இதே கேள்வியைப் பெற்றோர்கள் என்னிடம் கேட்பார்கள். ஒரே ஒரு படைப்பை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஷூபர்ட் 1828 செப்டம்பரில் எழுதி முடித்த பி ஃபிளாட் மேஜர் சொனாட்டா, பட்டியல் எண் டி. 960. நவம்பரில் அவர் இறந்துவிட்டார். முதல் பகுதியின் தலையில் அவர் எழுதியிருக்கும் வேகக்குறிப்பு மோல்ட்டோ மொடராட்டோ, அதாவது மிகவும் மிதமாக. மெட்டு மிக மெல்லத் தொடங்குகிறது. எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) அது நிற்கும் இடத்தில், இடது கையின் ஆழத்தில், ஜி ஃபிளாட்டில் ஒரு ட்ரில், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களின் வேகமான நடுக்கம், உறுமுகிறது. பிறகு மௌனம். பிறகு அதே மெட்டு, எதுவுமே நடக்காததுபோல.

இவ்வளவும் தாளில் இருக்கிறது. ஆனால் மிதம் என்றால் எவ்வளவு மிதம்? அந்த ட்ரில் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்க வேண்டுமா, மங்கலான அதிர்வாக இருக்க வேண்டுமா? மௌனம் முடிந்துவிட்டது என்று எப்போது முடிவெடுப்பது? தாள் இதற்கெல்லாம் பாதிப் பதில்தான் சொல்லும். ரிக்டர் வாசித்தால் இந்த முதல் பகுதி மட்டும் 24 நிமிடத்தைத் தொடும். திருப்பத்தோடு வாசிக்கும் மற்றவர்கள் பெரும்பாலும் 20-ஐ ஒட்டி முடித்துவிடுவார்கள். அந்த வேகத்தில், அந்த ட்ரில் முடிந்து அடுத்த ஸ்வரம் வருமா வராதா என்று நமக்குத் தெரியாமல் போகிறது. எனக்கு அது ஒவ்வொரு முறையும் அடிவயிற்றில் கேட்கும்.

திருப்பம் என்றேன். முதற்பாதியைத் திரும்ப வாசிக்கும்படி ஷூபர்ட் குறித்திருக்கிறார். திரும்பப் போவதற்கான வழியாக ஒன்பது பார் தனியாக எழுதியும் இருக்கிறார். திருப்பத்தை விட்டுவிட்டால் அந்த ஒன்பது பாரும் கேட்காமலே போய்விடும். அதுவரை அடங்கிக் கிடந்த ட்ரில் முழு வலிமையோடு வெடிப்பது அங்கேதான். ஆல்ஃபிரட் பிரெண்டல் போன்ற பெரிய கலைஞரே அந்தத் திருப்பம் தேவையில்லை என்று வாதிட்டு விட்டுவிட்டார். ரிக்டருக்கு இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். இசையமைத்தவர் எழுதியிருக்கிறார், வாசிக்க வேண்டும். திருப்பங்களைத் தவிர்க்கிறவர்கள்மேல் அவருக்குக் கோபமே உண்டு.

1957-இல் மாஸ்கோ போயிருந்த கிளென் கூல்ட், ரிக்டர் இந்தச் சொனாட்டாவை வாசிப்பதைக் கேட்டார். ஷூபர்ட்டின் திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் கூல்டுக்குப் பொறுமை கிடையாது. அவரே மயங்கிப்போய் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

தொடங்குவதற்கு ஷூபர்ட் வேண்டாம். 1958 பிப்ரவரியில் சோஃபியாவில் பதிவான கச்சேரியைக் கேளுங்கள். முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சி ஓவியங்கள்’.


கறுப்புக்கட்டை:

ரிக்டரை நானும் வணங்குகிறேன். ஆனாலும் இந்த இழையில் ஒரு புனிதர் உருவாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலாவது, இசைக்குறிப்பு. அறுபது வயதுவரை எல்லாரையும்போல மனப்பாடமாகத்தான் வாசித்தார். நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகு தாளை விரித்தார். தாளைப் படிக்க விளக்கு வேண்டும். தேவை முதலில் வந்தது, கொள்கை பின்னால் வந்தது.

இரண்டாவது, கலைஞன் எதையும் கூட்டக்கூடாது, இசையமைத்தவர் எழுதியதை நிறைவேற்றுகிறவன்தான், இசைக்குள் கரைந்துவிட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் மேலே நம் ஆசிரியை சொன்ன அதே ஷூபர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிதமாக என்று எழுதியிருப்பதை அவர் ஏறத்தாழ அடாஜியோ (மெதுவான வேகம்) ஆக்கிவிடுகிறார். இது கரைந்துபோன ஆளின் வேலையா? இவ்வளவு துணிச்சலான சொந்த முடிவை வேறு எந்தக் கலைஞர் எடுத்திருக்கிறார்?

மூன்றாவது, லிஸ்ட் எழுதிய பி மைனர் சொனாட்டா. தொடக்கத்தில் தனியாக, தணிந்த குரலில் ஒரு ஜி. அதை எப்படித் தொடங்குவார் என்று ரிக்டரே விவரித்திருக்கிறார். மேடைக்கு வந்து உட்காருவார், அசையமாட்டார், மனத்துக்குள் மிக மெதுவாக முப்பதுவரை எண்ணுவார். அரங்கில் கலக்கம் பரவும். என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்று ஆட்கள் பதறுவார்கள். அப்போதுதான் அந்த ஜி விழும். என்னைப் பார்க்காதீர்கள் என்று சொல்கிற ஆள் செய்கிற காரியமா இது? எல்லாரும் தன்னையே பார்க்கும்படி செய்துவிட்டுத்தான் முதல் ஸ்வரத்தைத் தொடுகிறார்.


இரண்டாம்வரிசை:

கறுப்புக்கட்டை, நினைவு தடுமாறியது உண்மை. அவர் அதை மறைக்கவில்லை. நடந்தது வெறும் மறதியைவிடக் கொடுமையானது. ஸ்வரத்தைக் கேட்டதும் இன்ன ஸ்வரம் என்று சொல்லும் காது அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. வயதாக ஆக அந்தக் காது பிசகி, எல்லாம் தம் இடத்தைவிட மேலே ஏறிக் கேட்கத் தொடங்கியது. கை ஒரு கட்டையை அழுத்தும், காது வேறொன்றைச் சொல்லும். வாழ்நாள் முழுக்கக் காதை நம்பி வாசித்தவருக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன? தாளைப் பார்த்துத்தான் கையை நம்ப முடிந்தது.

ஆனால் தேவை முதலில் வந்ததாலேயே கொள்கை பொய்யாகிவிடுமா? மனப்பாடமாக வாசிப்பது லிஸ்ட், கிளாரா ஷூமான் காலத்தில் வேரூன்றிய வழக்கம்தான். அதற்கு முன்னால் தாளை வைத்து வாசிப்பதில் யாரும் குறை காணவில்லை. ரிக்டர் காலத்திலேயே பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் தாளை வைத்து மேடையேறினார். ரிக்டர் பிறகு கேட்டது இதுதான்: ஹைடனின் இரண்டு சொனாட்டாவை மனப்பாடம் செய்து சுற்றிச் சுற்றி வாசிப்பது மேலா, தாளை வைத்து இருபதை வாசிப்பது மேலா? இசையமைத்தவர் எழுதிய ஒவ்வொரு சிறு குறியும் கண்முன்னால் இருக்கும்போது ஏமாற்ற வழியில்லை என்றும் சொன்னார். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

முப்பதுவரை எண்ணும் கதைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. முதலில் மற்றவர்களும் பேசட்டும்.


பழையஅஞ்சல்:

நான் இசை இலக்கணம் அறியேன். சோவியத் வரலாறு படிக்கிறவன். இந்த மனிதர் ஏன் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை என்று கேட்கும்போது, அவர் குடும்பத்துக்கு நேர்ந்ததை விட்டுவிட்டுப் பேச முடியாது.

1941-இல் ஜெர்மானியப் படை ஒதேசாவை நெருங்கியபோது தியோஃபில் ரிக்டரை ஜெர்மானியர் என்பதற்காகச் சோவியத் காவல்துறை கைதுசெய்து சுட்டுக்கொன்றது. மகன் அப்போது மாஸ்கோவில். ஊரைவிட்டு வெளியேற வாய்ப்பு இருந்தும் தாய் அன்னா போகவில்லை. கொந்திராத்தியேவ் என்ற ஒருவரோடு அவருக்கு இருந்த உறவே அதற்குக் காரணம் என்று ரிக்டர் பின்னாளில் மனம் கசந்து சொன்னார். ஜெர்மானியர் பின்வாங்கியபோது தாய் அந்த மனிதரோடு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அந்த மனிதர் ரிக்டர் என்ற பெயரையும் சூட்டிக்கொண்டார். தாயும் மகனும் மறுபடி பார்த்துக்கொண்டது 1960-இல், அந்த அமெரிக்கப் பயணத்தின்போது. கார்னகி ஹால் கைதட்டலுக்கு நடுவே அவர் சுமந்துகொண்டிருந்தது இது. அந்தக் கச்சேரிகளில் அவருக்கு ஏன் திருப்தியில்லை என்பதை இதை நினைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

தந்தையைக் கொன்ற அரசு 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறுதி அஞ்சலிக்கு வாசிக்க அவரைத் தபிலிசியிலிருந்து வரவழைத்தது. மலர்வளையங்கள் ஏற்றிய விமானத்தில் தனியாக உட்கார்ந்து வந்தார். வைத்திருந்த பியானோவில் பெடல் வேலை செய்யவில்லை. குனிந்து, இசைக்குறிப்புத் தாள்களைத் திரட்டிப் பெடலுக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். மேல்மாடத்தில் காவலுக்கு நின்றவர்கள் அவர் குண்டு வைக்கிறார் என்று பதறிப்போனதைத் தாம் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஸ்டாலின் இறந்த அதே மார்ச் 5 அன்றுதான் புரோகோஃபியேவும் இறந்தார். நாடு அதைக் கவனிக்கவில்லை.

1960 ஜூனில் எழுத்தாளர் போரிஸ் பாஸ்டர்நாக்கின் இறுதிச் சடங்கில், அரசு முகம்சுளித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில், ரிக்டர் போய்ப் பியானோ வாசித்தார். அங்கே யாரும் அவரை வரவழைக்கவில்லை. இந்த இரண்டு வாசிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.


கறுப்புக்கட்டை:

பழையஅஞ்சல் அவர்களே, நெஞ்சை உலுக்கும் செய்தி. நன்றி. ஆனால் ஒருவர் பட்ட துன்பத்தை வைத்து அவர் விரலை விளக்கும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. அதே நாட்டில் எத்தனையோ கலைஞர்கள் அதே துன்பத்தைப் பட்டார்கள். நெய்ஹவுஸே 1941-இல் கைதானவர்தான். யாரும் விளக்கை அணைக்கவில்லை.

இரண்டாம்வரிசையின் கட்சிக்கு உதவும் ஒன்றை நானே தருகிறேன். 1969-இல் பெர்லினில் கராயன் இசைக்குழுவை நடத்த, வயலின் கலைஞர் ஓய்ஸ்ட்ராக், செல்லோ கலைஞர் ரோஸ்த்ரபோவிச், ரிக்டர் மூவரும் பேத்தோவனின் மும்மைக் கன்செர்ட்டோவைப் பதிவு செய்தார்கள். இவ்வளவு பெரிய பெயர்கள் ஓர் இசைத்தட்டில் அதற்கு முன்னும் பின்னும் அபூர்வம். இன்னொரு முறை வாசிக்கலாம் என்று ரிக்டர் கேட்டார். கராயன் மறுத்துவிட்டார். மீதி நேரம் புகைப்படம் எடுப்பதற்கு வேண்டுமாம். அந்த இசைத்தட்டைத் தம் வேலையென்றே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று ரிக்டர் கடைசிவரை சொன்னார். அட்டையில் நால்வரும் புன்னகையோடு நிற்கிறார்கள்.


மாலைநடை:

சோஃபியா பதிவைக் கேட்டேன். என்ன இருமல்! பிப்ரவரிக் குளிரில் ஊரே சளி பிடித்து வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் சில நிமிடம் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த மாட்டுவண்டிப் பகுதி வந்தது. கனமான சக்கரம் தொலைவில் தேய்ந்து போகும்வரை இருமல் இருந்ததா இல்லையா என்றே எனக்கு நினைவில்லை. சில இடங்களில் தவறான ஸ்வரம் விழுகிறதோ என்று ஒரு சந்தேகம். என் காது சரியா?


இசைவகுப்பு:

உங்கள் காது சரி. நேரடிக் கச்சேரி, வெட்டி ஒட்டியதில்லை. தவறான ஸ்வரங்கள் உண்டு. பதிவறையில் அவருக்கு மூச்சு முட்டும். அவருடைய மிகச் சிறந்தவற்றில் பல மேடைப் பதிவுகளே. ராவெல் அமைத்த இசைக்குழு வடிவம்தான் உலகத்துக்குத் தெரியும் என்றாலும், முசோர்க்ஸ்கியின் பியானோ மூலமே மேல் என்பதில் ரிக்டர் அசையவில்லை. அதே கச்சேரியில் லிஸ்ட் எழுதிய ‘சூனிய ஒளிகள்’ இருக்கிறது. அதை வாசிக்க முயன்ற எவரும் அந்த மூன்று சொச்ச நிமிடத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பியானோ பக்கம் போகமாட்டார்கள்.

அடுத்து ஹெண்டல் கேளுங்கள். 1979-இல் பிரான்ஸில் ஹெண்டலின் தொகுப்புகளை ரிக்டரும் இளைஞர் ஆந்திரேய் கவ்ரீலோவும் பங்கிட்டு வாசித்தார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து தாள் புரட்டுவார். பிறகு இடம் மாறுவார்கள். ரிக்டருக்கு அப்போது 64 வயது. உலகின் தலைசிறந்த பியானோக் கலைஞர் பாதி நேரம் தாள் புரட்டும் நாற்காலியில் இருந்தார். என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை இது.


இரண்டாம்வரிசை:

ஹெண்டலை நினைவூட்டியதற்கு நன்றி. அது பதிவான இடம் தூர் நகருக்கு அருகில் உள்ள வட்டாரம். அங்கே மெலே என்ற ஊரில் 13-ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்று ரிக்டர் கண்ணில் பட்டது. பெரிய ஓக் மர உத்தரங்கள், மண் தரை. இங்கே வாசிக்க வேண்டும் என்றார். 1964-இலிருந்து அங்கே ஆண்டுதோறும் இசைவிழா நடக்கிறது. எந்தத் தலைநகரின் எந்த அரங்கும் அவரை இழுத்த அளவுக்குக் குறைவில்லாமல் ஒரு களஞ்சியம் இழுத்திருக்கிறது.

பியானோ விஷயத்திலும் அப்படித்தான். எத்தனையோ கலைஞர்கள் மூன்று பியானோவை வரிசையாக வைத்துத் தட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ரிக்டர் வைத்திருந்ததை வாசித்தார். தேர்வு செய்ய ஆரம்பித்தால் மனம் கெடும், பேதுரு தண்ணீர்மேல் நடந்ததுபோல் நம்பிக் கால் வைக்க வேண்டும், நம்பாவிட்டால் மூழ்கிவிடுவோம் என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் யமாஹா பியானோவை விரும்பினார் என்பது வேறு கதை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது 1986. 71 வயது. விமானம் பிடிக்காத மனிதர். மாஸ்கோவிலிருந்து காரில் கிளம்பி, சைபீரியா முழுவதையும் கடந்து ஜப்பானுக்குப் போய்த் திரும்பினார். வழியெல்லாம் கச்சேரி. ஆறு மாதத்தில் 150 வரை இருக்கும் என்கிறார்கள். முறையான அரங்கே இல்லாத சிற்றூர்களில், பியானோக் கச்சேரி என்றால் என்னவென்று முன்பின் அறியாதவர்கள் நடுவே, அதே இருட்டு, அதே விளக்கு, அதே தாள். கறுப்புக்கட்டை, புகழ் தேவைப்படாத, பணம் தேவைப்படாத ஒருவர் அங்கே போய் எதைக் காட்டிக்கொள்ளப் பார்த்தார்?

முப்பதுவரை எண்ணியதற்கு என் பதில்: அந்தப் பதற்றம் அவரைப் பற்றியதாகத் தொடங்குகிறது, உண்மை. ஆனால் ஜி விழும்போது அரங்கில் ஒரு ஆள்கூட வேறு எதையும் நினைத்துக்கொண்டிருக்க முடியாது. தம்மைத் தூண்டிலில் மாட்டிக்கொண்டு லிஸ்டுக்கு மீன் பிடித்துக் கொடுக்கிறார்.


கறுப்புக்கட்டை:

தூண்டில் பதில் நன்றாக இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போகிறேன்.

மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் 1981-இலிருந்து டிசம்பர் தோறும் நடக்கும் ‘டிசம்பர் மாலைகள்’ விழாவை அங்கிருந்த இயக்குநர் இரினா அந்தோனவாவுடன் சேர்ந்து தொடங்கியவர் ரிக்டர். இசையும் ஓவியமும் ஒரே கூரையின்கீழ். அங்கே தம் நண்பரான ஆங்கில இசையமைப்பாளர் பென்ஜமின் பிரிட்டனின் ஓபராக்களை மேடையேற்றும் வேலையில் ரிக்டர் தாமே இறங்கினார். பாஸ்டலில் ஓவியம் தீட்டுவார், நன்றாகவே தீட்டுவார். ஒதேசா ஓபராவின் ஒத்திகை அறையில் வளர்ந்தவர் என்று நீங்களே தொடக்கத்தில் எழுதினீர்கள். ஒத்திகைப் பியானோக்காரர் வாசிப்பது மட்டுமில்லை, ஒவ்வொரு நாளும் காட்சி எப்படி அமைகிறது, விளக்கு எங்கே விழுகிறது, கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே நான் சொல்வது இது. அந்த இருட்டு ஒளிந்துகொள்ளும் ஆளின் இருட்டு இல்லை. ஓர் இயக்குநர் அமைத்த காட்சி. மேடையில் எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்து, அதன்மேல் மட்டும் வெளிச்சம் போட்டார். தெரிய வேண்டியது தாள். இசையமைத்தவரின் கை பட்ட இடம் அதுதான். கரைந்துபோகிறேன் என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் மனமில்லை. கரைகிறவர் இவ்வளவு திட்டமாகக் கரையமாட்டார்.


பழையஅஞ்சல்:

இதை ஏற்கிறேன். அரசு வெளிச்சம் போட்ட இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டியிருந்த நாட்டில், தம் மேடையின் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தார். இதை வாழ்க்கையிலிருந்து பிரிக்க என்னால் முடியவில்லை.


இரண்டாம்வரிசை:

கறுப்புக்கட்டை, இயக்குநர் என்ற சொல்லை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கூட்டுகிறேன். தம்மைக் காட்சியின் நடுவில் வைக்காத இயக்குநர். நீனா தோர்லியாக்குடன் அவர் வாழ்ந்தது அரை நூற்றாண்டு. நீனா சோப்ரானோ பாடகி, உச்சக் குரலில் பாடுகிறவர். நாற்பதுகளில் நீனா பாட, ரிக்டர் துணைக்கு வாசித்தார். பிறகு ஃபிஷர்-டீஸ்காவ் பாட வாசித்தார், பிரிட்டனோடு ஒரே பியானோவில் நான்கு கையாக ஷூபர்ட் வாசித்தார். 1952-இல் விரல் காயத்தோடு இருந்தபோது, ரோஸ்த்ரபோவிச்சுக்காக புரோகோஃபியேவின் செல்லோ படைப்பை அரங்கேற்ற இசைக்குழுவை நடத்தினார். வாழ்நாளில் அவர் மேடையில் நடத்தியது அந்த ஒருமுறைதான். நடத்துநரின் கோல் பிறகு அவரை இழுக்கவே இல்லை. அதிகாரம் பிடிக்காது என்றார்.

ஷூபர்ட்டின் வேகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். அது அவருடைய துணிச்சல்தான். ஆனால் ஒன்று. மெதுவாக வாசிப்பதால் கைதட்டல் கூடுவதில்லை, குறையத்தான் செய்யும். லண்டனில் 1961-இல் சில விமர்சகர்கள் அவரைக் குறைத்தே எழுதினார்கள். அவர் வேகத்தை மாற்றவில்லை.


மாலைநடை:

இவ்வளவு படித்தபின் கடைசியாக ஒரு கேள்வி. எப்போது நிறுத்தினார்? கடைசியாக என்ன வாசித்தார்?


இரண்டாம்வரிசை:

1995 மார்ச் 30, ஜெர்மனியின் லூபெக் நகரம். எண்பது வயது நிறைந்து பத்து நாள். ஹைடனின் சொனாட்டாக்கள், பிறகு ஆந்திரேயாஸ் லூட்ஸேவிட்ஸுடன் சேர்ந்து இரண்டு பியானோக்களுக்காக மாக்ஸ் ரேகர் எழுதிய பேத்தோவன் மாறுபாடுகள். பெரும்பாலோர் கேள்விப்படாத படைப்பு. 1997 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் இறந்தார். நொவதேவிச்சி கல்லறையில் இருக்கிறார்.


இசைவகுப்பு:

மாலைநடை, ஹெண்டலுக்குப் பிறகு அந்த ரேகரையும் தேடுங்கள். வேறு கலைஞர்கள் வாசித்த பதிவுகள் கிடைக்கும். கேட்கும்போது முதலில் பேத்தோவனின் மூல மெட்டைத் தெரிந்துகொண்டு போங்கள். அது பேத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 119-இல் உள்ள பதினொன்றாவது பகட்டெல், அதாவது ஒரு சிறு பியானோ உருப்படி; ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், எந்த மாறுபாட்டில் மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று குறித்துத் தருகிறேன்.